திரையில் ஒன்று, கணக்கில் பத்து

மேசை லாச்சியை இழுத்ததும் அத்தர் மணத்தது. முதலில் என் மூக்கையே நம்பவில்லை. ஈயம் உருக்கும் பசையின் மணம் அந்த லாச்சியில் ஊறிப்போய் எத்தனையோ வருடம், அதற்குள் அத்தர் எப்படி வரும்? நம் அலைவுகாட்டியை எடுத்து அதன் றப்பர் உறையை முகர்ந்து பார்த்தேன். அதிலிருந்துதான் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் போகுமுன் மணிக்கட்டில் பூசிக்கொள்வாய், தொழுதுவிட்டு வந்து அதே கையால் இதைப் பிடித்து வேலை செய்வாய். நீ மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. றப்பரில் ஏறிய மணம் இன்னும் போகவில்லை.

உன் மணத்தைத் தேடி நான் லாச்சியைத் திறக்கவில்லை, அப்படி எழுதினால் பொய். கடையில் ஒரு இன்வேட்டர் வந்து கிடந்தது. அதன் அலையைப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற இந்தச் சாமானைத் தவிர மின்சாரம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்ட என்னிடம் வேறொன்றும் இல்லை. நாம் இருவரும் நடத்திய கடையை விட்டு நீ போன பிறகு இதை நான் அதிகம் தொட்டதில்லை. தொட்டால் உன் ஞாபகம் வரும், உன் ஞாபகம் வந்தால் கோபம் வரும். அன்றைக்கு எடுத்து இயக்கினால் திரை உறைந்து நின்றது. அணைத்து இயக்கினேன், கொஞ்ச நேரம் ஓடி மறுபடி உறைந்தது.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா? கல்முனைச் சந்தையில் கத்தரிக்காயை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைக்காரனின் முகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வாங்குகிறவன் நான். "ஒனக்கு ஒண்ட நம்புறதுக்கு ரெண்டு சாட்சி வேணும், அந்த ரெண்டு சாட்சிக்கும் நாலு சாட்சி வேணும்" என்று நீ கேலி செய்வாய். அந்தக் கேலி எனக்குப் பெருமையாகவே இருந்தது. கடையை நம்பி ஆட்கள் வருவதே என் சந்தேகத்தால்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவன் இன்டர்நெட்டில் சும்மா கிடைக்கும் ஒரு கோப்பை எடுத்து இந்தச் சாமானுக்குள் ஏற்றத் துணிந்தேன் என்றால் வேறு வழி இருக்கவில்லை என்று அர்த்தம். இதற்குள் ஓடுகிற உள் நிரல் பழசாகிவிட்டது. செய்த கொம்பனி கைகழுவிவிட்டது. அவர்கள் கடைசியாகத் தந்த புதுப்பிப்பு பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம், அதையும் எந்தப் பக்கத்திலிருந்து இறக்கினாலும் கூடவே நாலு குப்பை வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கொம்பனி முன்னொரு காலத்தில் வெளியிட்ட மூல நிரலை எடுத்து யாரோ சிலர் திருத்தி, எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தார்கள். அதை ஏற்றுவதற்கும் ஒரு திறந்த மூலக் கருவி இருந்தது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டெழுத வேண்டும்.

யார் இவர்கள்? எதற்காகச் சும்மா தருகிறார்கள்? இரண்டு நாள் அதையே யோசித்தேன். நீ இருந்திருந்தால், "மச்சான், கொள்ளையடிக்க வாறவன் அவன்ட வீட்டுப் பூட்டுத் தெறப்ப உன்ட கையில தந்திட்டா வருவான்? எல்லாத்தையும் தொறந்துதானே வெச்சிரிக்கான்" என்று சொல்லியிருப்பாய். நீ இல்லாததால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவ்வளவாக எடுபடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு இயக்கினால் திரை இருட்டாகவே இருக்கும், அப்போது அது நிரலை வாங்கிக்கொள்ளத் தயார் என்று எழுதியிருந்தது. செய்தேன். லப்டொப்பில், என்ன சாமான் மாட்டியிருக்கிறது என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன். ஒன்றும் இல்லை என்றது. ஆறு தரம் கேட்டேன், ஆறு தரமும் அதே பதில். கருவியைச் சந்தேகித்தேன், லப்டொப்பைச் சந்தேகித்தேன், எழுதியவர்களைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் வயர். சார்ஜ் மட்டும் போகிற வயர், தகவல் போகிற கம்பியே அதற்குள் இல்லை. எல்லாவற்றையும் சந்தேகிக்கிற எனக்கு, என் கையிலிருந்த வயர் மட்டும் ஞாபகம் வரவில்லை.

வயரை மாற்றியதும் சாமான் தெரிந்தது. புதிதை ஏற்றுமுன் உள்ளே இருக்கிற பழைய நிரலை அப்படியே ஒரு கோப்பாக வாங்கி வைத்தேன். ஒரு தரம் வாங்கியதில் திருப்தி இல்லை, மறுபடியும் வாங்கினேன். இரண்டு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, அந்த நீண்ட வரியை எழுத்தெழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. இனி எது நடந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பது ஒரு நிம்மதி.

அடுத்தது புதிய நிரலில் என்னென்ன திருத்தியிருக்கிறார்கள் என்ற பட்டியல். யாரும் வாசிப்பதில்லை அதை. நான் வாசித்தேன், ஏதாவது கள்ளத்தனம் அகப்படுமா என்று பார்க்கத்தான். திரை உறைவது திருத்தப்பட்டது, நல்லது. எழுத்தின் அளவு மாற்றப்பட்டது, தேவையில்லாத வேலை. அதற்குக் கீழே ஒரு வரி. அளக்கும் கம்பியின் மடங்கைப் பத்து என்று வைத்து அணைத்தால், அடுத்த தரம் இயக்கும்போது திரையில் ஒன்று என்று காட்டும், ஆனால் உள்ளே கணக்கு பத்தாகவே நடக்கும். கொம்பனியின் மூல நிரலிலேயே இருந்த பிழை. இனி இயக்கும்போது திரையும் கணக்கும் ஒன்றிலேயே தொடங்கும்படி திருத்தப்பட்டது.

மூன்று தரம் வாசித்தேன்.

உனக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் எனக்கு நானே ஒழுங்காகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நீ கடையில் இருந்த கடைசி வாரம், பாலமுனைப் படகுக்காரர் மீன் தேடுகிற சவுண்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். சவுண்டர் திரையில் மீன் இல்லாத இடத்திலும் புள்ளி புள்ளியாய் விழுகிறது என்றார். நீ பெட்டியைத் திறந்து கப்பாசிற்றர்களை மாற்றிக் கொடுத்தாய். இரண்டு நாளில் திரும்பி வந்தார், இன்னும் அதே புள்ளி. நீ அளந்தாய். உன் வழக்கம் பத்து மடங்கில் அளப்பது, இன்வேட்டர் வேலை அதிகம் செய்கிறவன் என்பதால். கம்பி மின்சாரத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து அனுப்பும், சாமான் அதைப் பத்தால் பெருக்கிக் காட்டும். "பெட்டி சுத்தமா இரிக்கி. போட்டுல வயர் எங்கயோ பிழை. அதப் பாருங்க" என்று அவரிடம் சொன்னாய். வழக்கமாக மடங்கை ஒன்றுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் அணைப்பாய். அன்று மதியத்து லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. பத்திலேயே விட்டு அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனாய்.

நான் போகவில்லை. உன் முதுகு மறைந்ததும் அலைவுகாட்டியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இத்தனை நாள் எனக்கே ஒரு நல்ல காரணம் சொல்லி வைத்திருந்தேன், வாடிக்கையாளருக்காக என்று. உண்மை அதுவல்ல. உன்னை நான் நம்பவில்லை. பழைய சேர்க்கிட்டுகளில் கழற்றிய கப்பாசிற்றர்களை நீ ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பாய். அந்த டப்பா கொஞ்ச நாளாகவே என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

கம்பியின் சுவிட்சை ஒன்றுக்குத் தள்ளினேன். திரையும் ஒன்று என்றது. பெட்டியில் வைத்தேன். நீ சுத்தம் என்று சொன்ன இடத்தில் அலை மலைபோல் எழும்பியது. நீ அளந்தபோது நான் பார்த்ததைப் போல் பத்து மடங்கு.

நீ தொழுதுவிட்டு வந்து தொப்பியைக் கழற்றக்கூட விடவில்லை. படகுக்காரர் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்துக் கடைக்காரர் வாசலில் நிற்கிறார். அவ்வளவு பேருக்கும் முன்னால் சொன்னேன், "பழைய சேர்க்கிட்டுல கழட்டின கப்பாசிற்றரப் போட்டிட்டு புதுசு எண்டு சொல்லியிரிக்காய். பாரு, இந்தா காட்டுது."

நீ திரையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "மறுகா ஒருக்கா அள மச்சான். பென்சில் பற்றரில வெச்சுப் பாத்திட்டு அள" என்றாய்.

எந்த வேலைக்கு முன்னாலும் ஒரு புதுப் பென்சில் பற்றரியில் கம்பியை வைத்துப் பார்ப்பது உன் பழக்கம். ஒன்றரை வோல்ட் காட்டினால்தான் வேலையில் கை வைப்பாய். "பற்றரிக்கு ஸலாம் சொல்லாம ஒனக்கு நாள் தொடங்காதா?" என்று நான் சிரிப்பேன். "இந்தச் சாமான் சில நேரம் எழும்பின உடனே பொய் சொல்லும், எனக்குத் தெரியும்" என்று நீ சொன்னதையும் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று நான் பற்றரியில் வைத்துப் பார்க்கவில்லை. "மெஷின் பொய் சொல்லாது, மனிசன்தான் சொல்லுவான்" என்றேன்.

உன் சோல்டரிங் அயனைச் சூடு ஆறும்வரை கையில் பிடித்துக்கொண்டு நின்றாய், துணியில் சுற்றினாய், போய்விட்டாய். படகுக்காரருக்கு நான் வேறொரு பெட்டி போட்டுக் கொடுத்தேன். நீ செய்த பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் எறிந்தேன். நான் போட்டுக் கொடுத்ததை ஒரு தரம்கூட அளக்கவில்லை. அவர் மறுபடி வரவில்லை, என் பக்கம்தான் சரி என்பதற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை, புதியதை ஏற்றுமுன், பக்கத்துக் கடையில் ஒரு பென்சில் பற்றரி வாங்கி வந்தேன். பழைய நிரல் இன்னும் உள்ளேதான் இருந்தது. கம்பியின் சுவிட்ச் ஒன்றில் இருக்க, திரையில் மடங்கைப் பத்தில் வைத்து அணைத்தேன். இயக்கினேன். திரை ஒன்று என்றது. பற்றரியில் கம்பியை வைத்தேன். பதினைந்து வோல்ட் என்றது. ஒரு சின்னப் பென்சில் பற்றரி, பதினைந்து வோல்ட்.

அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, கேள். புதிய நிரலின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, லப்டொப் பற்றரி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, கட்டளையைக் கொடுத்தேன். நூறு வீதம் வரை ஊர்ந்து போனது. முடிந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே ஏதோ பிழை என்றும் சொன்னது. சாமான் தானாக மறுபடி எழும்பும்போது தொடர்பு அறுவதால் அப்படித்தான் சொல்லுமாம், பொருட்படுத்த வேண்டாமாம். அதையும் நம்பாமல், உள்ளே போனதை மறுபடி வாங்கி ஒப்பிட்டேன். சரியாகவே இருந்தது. பற்றரியில் வைத்தேன். ஒன்றரை. பத்தில் வைத்து அணைத்து, இயக்கி, வைத்தேன். ஒன்றரை.

பிறகு பழைய நிரலைத் திருப்பி ஏற்றினேன். பதினைந்து. மறுபடி புதியது, ஒன்றரை. மறுபடி பழையது. பின்னேரம் அசர் தொழுகை வரை இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சோதனை என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன், ஆனால் ஒரு தரமாவது பழையது சரியாகக் காட்டிவிடாதா என்றுதான் ஏங்கினேன். அது காட்டியிருந்தால் நீ கள்ளன், நான் நேர்மையானவன். உன்னைக் கள்ளனாக்குவதற்கு ஒரு நாள் முழுக்க உழைத்தேன், மச்சான். அது ஒத்துழைக்கவில்லை.

இருந்தும் ஒரு சந்தேகம் மிஞ்சியது. சாமான் பொய் சொல்லக்கூடியது என்பதால் அன்று சொன்னதும் பொய்தான் என்று ஆகுமா? நீ செய்த பெட்டி இப்போது கையில் இல்லை. எனவே மறுநாள் ஒலுவில் துறைமுகத்துக்குப் போனேன். துறைமுக வாய் மணல் ஏறி அடைபட்டுக் கிடந்ததால் படகுகள் வெளியே போகவில்லை, பாலமுனைக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சவுண்டர் இப்போது எப்படி என்று கேட்டேன்.

"அதுவா? நீங்க தந்த புதுப் பெட்டியிலயும் புள்ளி விழுந்திச்சு. மறுகா வயரப் புடிச்சுக்கிட்டே போய்ப் பாத்தா, இஞ்சினுக்குப் பக்கத்தில எர்த் வயர் உப்புப் புடிச்சுத் திண்டு போய்க் கிடந்திச்சு. மாத்தினன், சரி. அவர் சொன்னதுதான், உங்கட கூட்டாளி."

"அப்ப ஏன் வந்து எனக்கிட்டச் சொல்லல்ல?"

அவர் ஊசியை நிறுத்தாமலே, "நீங்க கேக்கல்லயே" என்றார்.

திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்தினேன். உன் உடலை முன்னால் வைத்துத் தொழுத ஜனாஸா தொழுகை அப்போதுதான் நினைவில் ஏறியது. தொழுகைக்கு முன் உன் மூத்த மகன் எழுந்து நின்று, நம் ஊர் வழமைப்படி கேட்டான். "எங்கட வாப்பா யாருக்காவது மனம் நோகிற மாதிரி நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க." சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு, மனதார, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு என் பெரிய மனதை நினைத்து எனக்கே கண் கலங்கியது. உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்து, அடக்கும் மையவாடி வரை வந்தேன், உன்னை மன்னித்துவிட்ட பாரமின்மையுடன்.

நீ செய்யாத களவுக்கு. ஊர் முன்னால் கள்ளன் என்று பெயர் வாங்கிக் கொடுத்தவன் நான், மன்னித்ததும் நான். வெட்கமாக இருக்கிறது. இதை இதைவிட நாகரிகமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மனிதனுக்கு மனிதன் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அதில் அல்லாஹ்வும் குறுக்கிடுவதில்லை என்று சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். நீ இல்லை. ஆனால் கெட்ட பெயர் இன்னும் கடைத் தெருவில் இருக்கிறது. முதலில் அதைத் துடைக்கப் போனேன். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, நான் உன்னைக் குற்றம் சொன்ன அதே இடத்தில் நின்று, பிழை என்னுடையது என்றேன். அவருக்கு அந்தச் சம்பவம் அரைகுறையாகத்தான் ஞாபகம். "அப்பிடியா? நான் அவர் அப்பிடித்தான் எண்டு நெனச்சிட்டு இருந்தன்" என்றார். அது எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சம்பவம் அவருக்கு மறந்துவிட்டது, நான் சொன்ன சொல் மட்டும் மறக்கவில்லை.

பிறகு மருதமுனைக்கு, உன் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பின்னேரம். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் உன் மனைவி, மூத்த மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு என் பேச்சைக் கேட்டாள். நான் கடையில் சொன்னது, சாமானின் பிழை, எர்த் வயர், ஜனாஸாவில் மன்னித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே ஒரு சந்தேகம் எழுந்தது. இதை அவளுக்காகச் சொல்கிறேனா, என் பாரத்தை இறக்கிவைக்க அவள் வீட்டைத் தேடி வந்திருக்கிறேனா? நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன். பிளேன்டீ ஆறிப்போனது.

கடைசியில் கேட்டேன், "தங்கச்சி, அவன் என்னப் பத்தி ஏதும் சொன்னானா? மௌத்தாகிறதுக்கு முன்னால, என்ன மன்னிச்ச மாதிரி ஏதும்?"

அவள் ஆறிப்போன பிளேன்டீயை ஓரமாக நகர்த்தி வைத்தாள். ஆறுதலுக்காகவாவது ஓம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் என்னால் நம்பியிருக்க முடியாது.

"இல்ல காக்கா. உங்கட பேரையே அவர் எடுக்கல்ல. கோவத்திலயா, மறந்தா, எனக்குத் தெரியா. நான் பொய் சொல்லமாட்டன். நான் உங்கள மன்னிக்கிறன், புள்ளைகளும் மன்னிப்பாங்க. ஆனா அது எங்கட மன்னிப்பு. அவருட மன்னிப்ப எடுத்துத் தாறதுக்கு எங்களுக்கு ஹக் இல்ல."

என் வாழ்க்கையில் இரண்டாவது சாட்சி தேடாமல் நான் நம்பிய பேச்சு அது ஒன்றுதான்.

ஜனாஸாவில் உனக்குக் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், மச்சான். அது உனக்குச் சொந்தமில்லாத சாமான், தவறி உன் பெயருக்கு வந்துவிட்டது. உன்னிடமிருந்து எனக்கு வர வேண்டியது வருமா வராதா என்று இந்த உலகத்தில் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. மறுமையில் கணக்குக் கேட்டு நீ என் கையைப் பிடித்து நிறுத்தினால் நான் இழுத்துக்கொள்ளமாட்டேன். அதுவரை, மன்னிக்கப்பட்டேனா என்று தெரியாத மனிதனாகவே தினமும் காலையில் கடையைத் திறக்கிறேன்.